63 சதுரத்தோடு நிற்கும் போர்வை: முடிப்பதா, பிரிப்பதா?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 18, இரவு 10.52

வணக்கம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் தங்கை கருவுற்றிருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று ஒரு குரோஷா போர்வை (கொக்கி ஊசியால் பின்னுவது) பின்னத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை வரும் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். போர்வை இன்னும் மாம்பழ அட்டைப்பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

விவரம் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குலச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு சுற்று, நான்கு நிறம். கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றிலும் சந்தன நிறம். நான்கு இழைப் பருத்தி நூல், 3.5 மில்லிமீட்டர் ஊசி. சேலம் வெயிலுக்கு உல்லன் வேண்டாம் என்றுதான் பருத்தி எடுத்தேன். போட்ட திட்டம் அகலத்தில் 10, நீளத்தில் 12, ஆக 120 சதுரங்கள். முடிந்தவை 63. சந்தன நிறம் தீர்ந்துவிட்டது. கடையில் "அதே நிறம்தான்" என்று எடுத்துத் தருவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மோர் நிறமாக இருக்கிறது.

முதல் சதுரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அன்றிரவு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். ஐம்பதாவது சதுரம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. முடித்தபோது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. போன வாரம் தங்கை மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இவையெல்லாம் தோசைக்கல் பிடிக்கும் துணிகளா?" என்று கேட்டாள்.

முடிப்பதா, பிரித்து நூலை வேறு எதற்காவது எடுத்துக்கொள்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அரைக்குல்லா
மே 18, இரவு 11.20

அக்கா, என்னிடம் அறிவுரை கிடையாது, ஆறுதல் மட்டும்தான் இருக்கிறது. என் வீட்டில் பாதியில் நிற்பவை பதினொன்று. ஒரு கைப்பகுதி மட்டும் உள்ள சட்டை, தலையில்லாத ஆமை, ஒற்றைக் காலுறை, யாருடைய தலைக்கும் பொருந்தாத குல்லா. தொடங்கியவற்றிலேயே ஊசிகளைச் சொருகி வைத்துவிடுவதால், அடுத்ததைத் தொடங்கும்போது ஊசி இருக்காது, புதிதாக வாங்குவேன். 4 மில்லிமீட்டர் ஊசி மட்டும் இப்போது என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஐந்தும் சிறையில்.

ஏற்காட்டு மூடுபனி
மே 19, காலை 6.05

பிரித்துவிடு கண்ணு. நான் முப்பது ஆண்டுகளாகப் பின்னுகிறேன். பன்னிரண்டு பேர் அமரும் மேசைக்கு ஒரு விரிப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் இழுத்தேன். இடையில் அந்த மேசையையே விற்றுவிட்டோம். விரிப்பு மட்டும் இரும்புப் பெட்டியில் கிடந்து, அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கடன்காரன்போல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் பிரித்தேன். இரண்டே மாலைகள். நான்கு குல்லாக்களும் பேரனுக்கு ஒரு கையில்லாச் சட்டையும் வந்தன.

பிரித்த நூல் இடியாப்பம்போல் சுருண்டிருக்கும். அதை அப்படியே உருண்டையாகச் சுற்றக் கூடாது. நாற்காலியின் முதுகில் தளர்வாகச் சுற்றி, நான்கு இடத்தில் வேறு நூலால் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிழியாமல் கொடியில் மாட்ட வேண்டும். கீழே சின்னக் கனம் தொங்கவிட்டால் நேராகிவிடும். பருத்திக்கும் கம்பளிக்கும் இது சரியாக வரும். அக்ரிலிக் அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. ஒன்று, இதை நீ இப்போதே செய்துவிடு. கீழே மே மாத வெயிலில் ஒரு மதியத்தில் காயும். எங்கள் மலையில் மழை மாதங்களில் நான்கு நாள் தொங்கவிட்டாலும் ஈர வாசனை போகாது.

கணக்குப்பிள்ளை
மே 19, காலை 8.40

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பின்னுபவன் அல்லன். என் மனைவி பின்னுகிறார், நான் அவருக்குக் கண்ணி எண்ணித் தருபவன்.

மூடுபனி அம்மா சொன்னது ஒரே நூலில் ஓடும் விரிப்புக்குப் பொருந்தும். இங்கே ஒரு சதுரத்தில் நான்கு நிறம், ஆகவே நான்கு துண்டு நூல். 63 சதுரங்களைப் பிரித்தால் கையில் வருவது 252 துண்டுகள். ஒவ்வொன்றும் சில மீட்டர்தான் இருக்கும். அதை வைத்து ஒரு குல்லா பின்னினால்கூட உள்ளே முழுக்க முடிச்சாகத்தான் இருக்கும். பிரிப்பது என்பது இந்த வழக்கில் குப்பையில் போடுவதற்கு இன்னொரு பெயர்.

ஒரு கேள்வி: அந்தச் சதுரங்களில் தொங்கும் நூல் நுனிகளை ஊசியால் பின்னலுக்குள் சொருகிவிட்டீர்களா?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 19, மதியம் 2.15

இல்லை ஐயா. ஒன்றுகூடச் சொருகவில்லை. "கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை
மே 19, மதியம் 2.31

ஒரு துண்டுக்கு இரண்டு நுனி. 252 துண்டுக்கு 504 நுனிகள். அம்மா, நீங்கள் 64-வது சதுரத்தைக் கண்டு அஞ்சவில்லை. இந்த 504-ஐக் கண்டுதான் ஐந்தாறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 19, மதியம் 2.50

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் மாமியார்தான் எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவர். முதல் சதுரத்திலேயே சொன்னார்: நிறம் மாற்றும்போது பழைய நுனியையும் புதிய நுனியையும் சேர்த்துப் பிடித்து, அவற்றின் மேலேயே கண்ணி போட்டுக்கொண்டு போ, பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்று. அப்படிச் செய்தால் முன்பக்கம் நிறம் எட்டிப் பார்க்கிறது என்று நான் கேட்கவில்லை. இப்போது இந்த உரையாடல் இழையை அவரிடம் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

ஐந்து ரோடு
மே 19, மாலை 6.10

தவறாக நினைக்க வேண்டாம். போர்வை கடையில் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆறு ஆண்டு எதற்கு? இயந்திரத்தில் ஒரு நாளில் நூறு அடித்துவிடுவார்களே?

அஸ்தம்பட்டி வாசகி
மே 19, இரவு 8.25

தம்பி, நீங்கள் சொல்லும் 400 ரூபாய்ப் போர்வை நெய்ததாகவோ, இயந்திரப் பின்னலாகவோ இருக்கும். ஸ்வெட்டர் பின்னலை இயந்திரம் நன்றாகச் செய்கிறது. ஆனால் குரோஷா வேறு வகை. ஒரே ஒரு கொக்கி, அதில் நிற்கும் ஒரே ஒரு உயிருள்ள கண்ணி. ஒவ்வொரு கண்ணியையும் முந்தைய வரிசையின் எந்த இடத்திலும் குத்தி எடுக்கலாம். இதைச் செய்யும் இயந்திரம் சந்தையில் இல்லை. கடையில் குரோஷா மேல்சட்டை மலிவாகத் தொங்கினால், அதை யாரோ ஒரு பெண் கையால் பின்னியிருக்கிறாள் என்றுதான் பொருள். அவளுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்பதை விலைச் சீட்டைப் பார்த்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இந்த லேஸைப் பின்னி ஏற்றுமதிக்குக் கொடுக்கிறார்கள். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஐந்து ரோடு
மே 19, இரவு 8.44

தெரியாமல் கேட்டுவிட்டேன் அக்கா. நம் ஊர்ப்பக்கம் இது எப்படி வந்தது? நாகர்கோவில் மிஷனரிகள் கொண்டுவந்தது என்று பாட்டி சொல்வார்.

அஸ்தம்பட்டி வாசகி
மே 19, இரவு 9.30

பாட்டி சொன்னதில் பாதி சரி. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்ததும், அவர் மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடியில் வளர்த்ததும் தலையணைமேல் குண்டூசி குத்திச் சிறுகட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டு எடுக்கும் லேஸ். அதில் கொக்கி ஊசிக்கு வேலையே இல்லை. இரண்டையும் "லேஸ்" என்றே சொல்வதால் குழப்பம். குரோஷா ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அங்கே குடும்பங்கள் இதைப் பின்னி விற்றுப் பிழைத்தன. பிழைப்புக்குப் பின்னியவர்கள் பாதியில் விட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நாம் விடுகிறோம் என்றால், நமக்குச் சோறு இதில் இல்லை என்பதால்தான்.

அரைக்குல்லா
மே 19, இரவு 9.48

அக்கா கடைசி வரியில் என்னை நேரடியாகத் திட்டிவிட்டார்.

வரலாறு என்றதும் என் குல்லாவின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் கான்வென்டில் படித்த அத்தை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கொடுத்தார். அதில் "டபுள்" என்று போட்ட இடமெல்லாம், வீடியோவில் கற்றபடி உயரமான கண்ணியாகப் போட்டேன். குல்லா முடியும்போது அதில் முறுக்கு போட்டு வைக்கலாம்போல் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் புத்தகத்தில் "டபுள்" என்றால் அமெரிக்கர்களின் "சிங்கிள்"; அமெரிக்க "டபுள்" பிரிட்டனில் "டிரெபிள்". ஒரே பெயர், இரண்டு கண்ணி. புதியவர்கள் வடிவக் குறிப்பைத் திறந்ததும் எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

நெறியாளர்
மே 19, இரவு 10.00

போர்வைக்குத் திரும்புவோம்.

அம்மாப்பேட்டைத் தறிக்காரன்
மே 20, காலை 5.30

நான் பட்டு நெய்பவன். என் மகள் குரோஷா பின்னுகிறாள், அவளுக்காக இங்கே வந்து படிப்பேன். இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலில் நிறம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதே நிற எண், அதே சாயம், அதே ஆள் போட்டாலும் ஒரு தொட்டியில் நனைந்ததும் அடுத்த தொட்டியில் நனைந்ததும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் மாறினாலே மாறும். அதனால்தான் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்கு, வேண்டியது முழுவதையும் ஒரே சமயத்தில் சாயம் போட்டு வாங்குவோம். உங்கள் நூல்கண்டின் தாளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அதுதான் தொட்டியைக் குறிக்கும் எண். அது மாறினால் நிறம் மாறும். இப்போது செய்யக் கூடாதது, அந்த மோர் நிறத்தைச் சந்தனத்தோடு ஒட்டி வைப்பது. ஒன்றுபோல் இருக்க முயன்று தோற்ற இரண்டு நிறங்கள் கண்ணை உறுத்தும். முற்றிலும் வேறான அழுத்தமான நிறம் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது. இங்கே எல்லோரும் சோம்பல், ஆர்வம், பொறுமை என்று பேசுகிறீர்கள். தறியில் ஒரு பாவு ஏறிவிட்டால், அது அறுத்து இறங்கும்வரை அடுத்த பாவு ஏற இடம் கிடையாது. வீட்டில் இருப்பது ஒரு தறி. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் காலையில் தறிக்குழிக்குள் இறங்கினால் முன்னால் இருப்பது அதே சேலைதான். நான் உங்களைவிடப் பொறுமைசாலி இல்லை. எனக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். ஊசியும் நூலும் வைத்திருப்பவர் ஒரே நாளில் மூன்று புதிய தறி போடலாம். அரைக்குல்லா தம்பி பதினொன்று போட்டிருக்கிறார்.

அரைக்குல்லா
மே 20, காலை 7.12

அண்ணா, நான் தங்கை. மற்றபடி எல்லாம் உண்மை.

ஏற்காட்டு மூடுபனி
மே 20, காலை 7.40

தறிக்காரத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் ஒப்ப மாட்டேன். சேலை முடியாவிட்டால் உன் வீட்டில் அடுப்பு எரியாது. போர்வை முடியாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? நவம்பர் முதல் இங்கே காப்பிப் பழம் பறிக்கும் வேலை. கை நகமெல்லாம் கறை, ஊசியைத் தொடவே முடியாது. அந்த மாதங்கள் முடிந்து ஒரு சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரிசை பின்னும்போது, அது என்னவாகப் போகிறது என்று நான் நினைப்பதில்லை. கை வேலை செய்தால் மனம் அடங்குகிறது. எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு வேலைக்கே போய்விடலாம்.

அஸ்தம்பட்டி வாசகி
மே 20, காலை 9.05

அம்மா, உங்களுக்காகப் பின்னியதை நீங்கள் விடலாம். இவர் ஒரு பிள்ளைக்கென்று தொடங்கினார். அந்தப் பிள்ளையே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டது. இனி அது இவருடைய மனதை அடக்கும் விளையாட்டு மட்டும் இல்லை.

எங்கள் அம்மா ஒயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய் என்று எந்தப் பின்னல் ஆனாலும் பாதியில் நின்ற கூடையை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. கூடைக்கு இத்தனை கட்டு ஒயர் என்று கணக்காக வாங்குவார். கட்டு தீரும்போது கூடையும் கைப்பிடியும் முடிந்திருக்கும். முடிவு வாங்கும்போதே கைக்குள் இருந்தது. 120 சதுரம் என்று எழுதி வைத்துவிட்டு 60 சதுரத்துக்கு நூல் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

கணக்குப்பிள்ளை
மே 20, காலை 11.20

இரவு முழுக்க இந்த 63 என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 63 என்றால் நாயன்மார்கள் என்று மனைவி சொன்னார். காலை காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது.

63 = 7 × 9.

ஐந்து அங்குலச் சதுரத்தை ஏழு வரிசை, ஒன்பது வரிசை அடுக்கினால் 35-க்கு 45 அங்குலம். அது ஒரு கைக்குழந்தைப் போர்வையின் அளவு. அம்மா, உங்கள் சதுரங்கள் ஏற்கெனவே முடிந்துவிட்டன. 64-வது சதுரம் தேவையே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 20, மதியம் 12.40

ஐயா, தரையில் பரப்பிப் பார்த்துவிட்டேன். உண்மைதான்! ஆனால் அவள் இப்போது கைக்குழந்தை இல்லையே. இன்னும் சற்று வளர்ந்துவிட்டால் கால் வெளியே நிற்கும்.

அஸ்தம்பட்டி வாசகி
மே 20, மதியம் 1.00

ஓரத்தில் கரை பின்னுங்கள். தறிக்காரர் சொன்ன அழுத்தமான நிறத்தில். அதே நிறத்தாலேயே சதுரங்களையும் இணைத்தால், முதலிலேயே அப்படித் திட்டமிட்டதுபோல் இருக்கும். உங்களிடம் வேறு என்ன நிறம் மீதம் இருக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 20, இரவு 9.15

காப்பி இலைப் பச்சை. 50 கிராம் கண்டு நான்கு, பிரிக்காமல் இருக்கிறது. ஒரே தொட்டி எண், பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. கணவரிடம் சொல்லி வெள்ளித் தராசில் ஒரு சதுரத்தை நிறுத்தேன். 9 கிராம். பத்துச் சதுரம் நிறுத்துப் பார்த்தபோதும் 90-ஐ ஒட்டியே வந்தது. பிறகு இரண்டு சதுரங்களைப் பச்சை நூலால் இணைத்து, இணைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தேன். ஒரு பக்கத் தையலுக்கு 0.15 கிராம் நூல். பட்டறையில் வேலை செய்பவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்று அங்குலக் கரைக்கு நூல் போதுமா ஐயா?

கணக்குப்பிள்ளை
மே 20, இரவு 9.58

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு சதுரம் 25 சதுர அங்குலம், 9 கிராம். ஆக ஒரு சதுர அங்குலத்துக்கு 0.36 கிராம். சுற்றிலும் மூன்று அங்குலக் கரை போட்டால் போர்வை 41-க்கு 51 ஆகும். கரையின் பரப்பு மட்டும் 2,091 கழித்தல் 1,575, அதாவது 516 சதுர அங்குலம். அதற்கு 186 கிராம். இணைப்புத் தையல்: அகலவாக்கில் 7 சதுரம் உள்ள வரிசையில் 6 தையல், அப்படி 9 வரிசைக்கு 54. நீளவாக்கில் 9 சதுரத்துக்கு 8 தையல், 7 வரிசைக்கு 56. மொத்தம் 110. 110 × 0.15 = 16.5 கிராம்.

கூட்டினால் 202.5. உங்களிடம் இருப்பது 200. இரண்டரை கிராம் பற்றாக்குறை. கடைசி மூலைக்கு ஒரு சாண் தூரத்தில் நூல் தீரும். அந்தப் போர்வை மீண்டும் பெட்டிக்குப் போகும்.

இரண்டரை அங்குலக் கரை போடுங்கள். 40-க்கு 50. கரைக்கு 153, இணைப்புக்கு 16.5, ஆக 169.5. முப்பது கிராம் கையில் நிற்கும்.

நுனிகள்: ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 756 நிமிடம். நாளுக்கு மூன்று சதுரம், 24 நுனி, 36 நிமிடம். சரியாக 21 நாள்.

ஏற்காட்டு மூடுபனி
மே 21, காலை 6.20

பிரிக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவ்வளவு பேர் சேர்ந்து கணக்குப் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் என் மேசை விரிப்பையும் இங்கே கொண்டுவந்திருப்பேன்.

சொருகும்போது கவனம். முனை மழுங்கிய ஊசி எடு, கூர் ஊசி நூலைப் பிளந்துவிடும். பருத்தி வழுக்கும், ஆகவே ஒரே திசையில் ஓட்டிவிட்டு வெட்டினால் இரண்டு சலவையில் வெளியே வரும். ஒரு பக்கம் ஓட்டி, ஒரு கண்ணியைத் தாண்டித் திரும்பி, மீண்டும் முதல் பக்கம் ஓட்டு. மூன்று முறை. முடிச்சை மட்டும் நம்பாதே.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 29, இரவு 11.05

முறையீடு. ஒன்பது நாளில் 27 சதுரம் முடிந்திருக்க வேண்டும், 22 ஆகியிருக்கிறது. காரணம், ஏறக்குறைய இருபது சதுரங்களில் நுனியை இரண்டு அங்குலமே விட்டிருக்கிறேன். ஊசியில் கோத்தால் ஒரு கண்ணிகூடத் தாண்டவில்லை. அந்த வயதில் நூலை எதற்கு இவ்வளவு சிக்கனம் பிடித்தேன் என்று தெரியவில்லை.

அரைக்குல்லா
மே 29, இரவு 11.16

அக்கா, இது ஒன்று எனக்குத் தெரியும்! முதலில் வெறும் ஊசியைக் கண்ணிகளுக்குள் ஓட்டி, காது மட்டும் நுனிக்குப் பக்கத்தில் வெளியே நிற்கும்படி வையுங்கள். பிறகு குட்டி நுனியைக் காதில் கோத்து ஊசியை இழுங்கள். ஓர் அங்குலம் இருந்தாலும் உள்ளே போய்விடும். பதினொன்றைப் பாதியில் விட்டவளுக்கும் ஒரு வித்தை தெரிந்திருக்கிறது பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
மே 30, காலை 10.30

வேலை செய்கிறது. நன்றி தங்கையே. மாமியாருக்குச் செய்து காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். இப்போது நாளுக்கு ஒரு சதுரத்தை அவர் வாங்கிக்கொள்கிறார். அவருடையதில் நுனி எங்கே போனது என்று எனக்கே தெரிவதில்லை.

ஐந்து ரோடு
ஜூன் 3, இரவு 9.00

இந்த இழையைத் தினமும் திறந்து பார்க்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. இத்தனை பேர் பாதியில் விடும் வேலையை யாராவது பெரிய அளவில் முடித்திருக்கிறார்களா?

அஸ்தம்பட்டி வாசகி
ஜூன் 3, இரவு 9.40

சென்னையில் முடித்தார்கள். 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. ஆனால் அதை நம் கதையோடு ஒப்பிட்டு யாரும் வெட்கப்பட வேண்டாம். ஏராளமான பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளைச் சேர்த்தார்கள். ஒருத்தியின் பங்கு அவள் கைக்குள் அடங்கும் அளவு. விரிக்கும் நாளும் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. இவருக்குக் குறித்த நாள் எது என்று நான் கேட்கவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
ஜூன் 3, இரவு 10.02

பள்ளி திறப்பதற்குள் என்று நினைத்தேன், அது நடக்காது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் தங்கை குடும்பத்தோடு வருவாள். அதற்குள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
ஜூன் 24, மாலை 5.45

எல்லா நுனிகளும் உள்ளே போய்விட்டன. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன 21 நாளைவிடப் பத்து நாளுக்கு மேல் கூடுதல். நடுவில் ஐந்து நாள் தொடவே இல்லை, உறவினர் திருமணம்.

அடுத்த தலைவலி: தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பின்னிய சதுரங்கள் தளர்ந்து ஐந்தேகால் அங்குலமாகவும், மாமியாரிடம் திட்டு வாங்கிய வாரம் பின்னியவை இறுகி நாலே முக்காலாகவும் இருக்கின்றன.

ஏற்காட்டு மூடுபனி
ஜூன் 24, இரவு 7.30

சிரித்துவிட்டேன். தெர்மோகோல் பலகையில் ஐந்து அங்குலக் கட்டம் வரைந்துகொள். சதுரங்களை நனைத்து, துண்டில் வைத்து ஒற்றி, கட்டத்தின் மூலைகளில் துருப்பிடிக்காத குண்டூசியால் குத்திக் காயவிடு. இறுகியதை இழுத்துக் குத்து, தளர்ந்ததை உள்ளே தள்ளிக் குத்து. கால் அங்குல வித்தியாசம் இதில் அடங்கிவிடும். அரை அங்குலம் என்றால் அடங்காது.

அம்மாப்பேட்டைத் தறிக்காரன்
ஜூன் 25, காலை 5.40

என் மகள் சொல்லச் சொன்னது: கரை போடும்போது ஒவ்வொரு மூலையிலும் ஒரே இடத்தில் மூன்று கண்ணி போட வேண்டுமாம். இல்லாவிட்டால் மூலை கிண்ணம்போல் மேலே எழும்பும். நேர்ப் பக்கத்தில் கண்ணி அதிகமானால் பாவாடைக் கரைபோல் அலை அலையாக நெளியும். முதல் சுற்று முடிந்ததும் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, படுத்திருந்தால் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
ஜூலை 22, இரவு 11.50

நெளிந்தது. பிரித்தேன். மீண்டும் போட்டேன், படுத்துவிட்டது.

கரை முடிந்தது. தராசில் வைத்தேன்: மீதம் 27 கிராம். ஐயாவின் கணக்கில் மூன்றரை கிராம் பிசகு!

கணக்குப்பிள்ளை
ஜூலை 23, காலை 6.15

நெளிந்ததைப் பிரித்தபோது வெட்டி எறிந்த நூலை நிறுத்தீர்களா?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
ஜூலை 23, காலை 9.10

இல்லை ஐயா.

கணக்குப்பிள்ளை
ஜூலை 23, காலை 9.12

அதுதான் அது.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்
ஆகஸ்ட் 7, மதியம் 3.30

தங்கை வந்திருக்கிறாள். போர்வையைக் கொடுத்தேன். மகள் அதை வாங்கித் தரையில் விரித்து, நான்கு நாற்காலிகளுக்கு மேல் போட்டுக் கூடாரம் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். தட்டுவடை செட் வேண்டும் என்று உள்ளிருந்தே குரல் வருகிறது. அதன்மேல் சட்னி கொட்டுவாள் என்று தெரிகிறது. மீதமுள்ள 27 கிராம் பச்சையை மாமியார் எடுத்து வைத்துக்கொண்டார். என்ன பின்னுகிறார் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்.

அரைக்குல்லா
ஆகஸ்ட் 7, மதியம் 3.52

வாழ்த்துகள் அக்கா. என் ஆமைக்குத் தலை வைத்துவிட்டேன். இப்போது பத்து.

குகை வாசி
ஆகஸ்ட் 9, இரவு 10.20

வணக்கம், நான் புதிது. இந்த இழை முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். என்னிடம் 40 சதுரங்கள் இருக்கின்றன. நான்கு ஆண்டாகிறது. எல்லாம் ஆறு அங்குலம், மூன்று நிறம்.

கணக்குப்பிள்ளை
ஆகஸ்ட் 9, இரவு 10.24

5 × 8. முப்பதுக்கு நாற்பத்தெட்டு அங்குலம். நுனிகள் 240. சொருகியிருக்கிறீர்களா?